பத்தடி பின்னால் ஒருவர்

இன்சூரன்ஸ்காரருக்குப் பயப்படுவதுதான் பிழைப்பு. வேலையில் இருந்த காலம் முழுக்க, யார் வீட்டில் தீப்பிடித்தது, யார் வண்டி எதில் மோதியது, யார் எந்தப் படியில் உருண்டார் என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்தவர். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மற்றவர்கள் வந்தவர்களைப் பார்ப்பார்கள்; இவர் ஒயர் எங்கே பிய்ந்து தொங்குகிறது என்று பார்ப்பார். வேலைக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. அந்தப் புத்திக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகள், போயும் போயும் அந்தத் தெருவில் குடியேறினாள்.

அந்தத் தெருவைப் பற்றி ஊரில் ஒருவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஒரு காலத்தில் சோப்பு ஆலை இருந்தது, அதைச் சுற்றிக் கிடங்குகள் இருந்தன. ஆலையை மூடியதும் வேலை போனது, வேலை போன இடத்தில் சண்டையும் திருட்டும் வந்தன. வாடகை அடிமாட்டு விலைக்கு இறங்கியதும் படம் வரைகிறவர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே காபிக் கடைகள் வந்தன, காபிக் கடைகளுக்குப் பின்னால் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த வீடுகள் வந்தன. இப்போது பழைய இரும்புக் கடைக்குப் பக்கத்துக் கதவே நாய்க்கு முடி வெட்டும் கடை. பாதிச் சுவரில் ஓவியம், மீதிச் சுவரில் பாசி. ஒரு முனையில் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்த முனையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

“அந்தத் தெருவுல நான் காலடி எடுத்து வைக்க மாட்டேன்” என்று இன்சூரன்ஸ்காரர் சொல்லிவிட்டார். சொன்னபடியே இருந்தார். மகள்தான் அப்பாவைப் பார்க்க வருவாள், போவாள். அவர் வாசல்வரை வந்து, “இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரு” என்பார். அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

அப்புறம் மகள் மாடிப்படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மருமகன் வேலை விஷயமாக வெளியூரில் மாட்டிக்கொண்டான். மனைவிக்கு முழங்கால் வலி, மூன்று மாடி ஏற முடியாது.

“உங்க பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறா, நீங்க வீம்புல நிக்கிறீங்க” என்றாள் மனைவி. “ரெண்டு பேரும் இப்படியே நின்னுக்கிட்டு இருந்தா எப்படி? போய்ப் பார்த்துட்டு வாங்க.”

அவருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். வீம்பு பிடித்தவனுக்கு யாராவது வந்து கையைப் பிடித்து இழுத்தால்தான் உண்டு. போகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் போவது என்றால் சும்மா போவதா? அப்படிப்பட்ட தெருக்களுக்கு எப்படிப் பத்திரமாகப் போய்வருவது என்று எவரோ எழுதி வைத்ததைத் தேடிப் பிடித்துப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு விடவில்லை, கரைத்துக் குடித்தார். தெருவில் போனை வெளியே எடுக்கக் கூடாது. வழி கேட்டு நிற்கக் கூடாது, தெரிந்தவனைப்போல நடக்க வேண்டும். யாராவது பின்தொடர்ந்தால் சாலையைக் கடக்க வேண்டும். அவனும் கடந்தால், ஆள் நடமாட்டம் உள்ள கடைக்குள் நுழைந்து சொல்லிவிட வேண்டும். உங்கள் சொந்தக்காரர் அனுப்பினார் என்று எவனாவது சொன்னால் நம்பவே கூடாது.

போனை ஓசை வராமல் அமர்த்தி, பையின் அடியில் துண்டுக்குக் கீழே வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். “போருக்குப் போறாரு மகாராசா” என்று மனைவி அதை வாங்கிக்கொண்டாள்.

இங்கே மகள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், தெருவைப் பார்த்தாற்போல ஒரு பொந்து. அதில் சைக்கிள் பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். உயரமான ஆள், படிக்கட்டின் சரிவில் தலை இடிக்காமல் சாய்ந்து சாய்ந்தே ஒரு தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. தெருவே அவரை நெட்டை என்றுதான் கூப்பிட்டது. மகள் மட்டும் நெட்டையண்ணன் என்பாள். கடையும் அதுதான், படுக்கையும் அதுதான், போக்கிடம் வேறு கிடையாது.

சோப்பு ஆலை ஓடிய நாளிலிருந்து அந்தத் தெருவில் ஒரு வழக்கம். வேலை விட்டுப் போகும் பெண்களோ, புதிதாக வந்த யாரோ தனியாக நடந்தால், தெரு ஆள் ஒருவர் பத்தடி பின்னால் நடந்து போவார். பக்கத்தில் நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். முன்னால் நடந்தால் பின்னால் நடப்பது தெரியாது. அதனால் பத்தடி பின்னால். பேச மாட்டார், கூப்பிட மாட்டார். அவர்கள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் திரும்பிவிடுவார். நன்றி சொல்வதும் கிடையாது, எதிர்பார்ப்பதும் கிடையாது. ஆலை போய்விட்டது, வழக்கம் நெட்டையோடு மிஞ்சியது. மகள் குடிவந்த புதிதில் தன் பின்னால் இப்படி ஒருவர் நடந்துகொண்டிருந்தார் என்பதே அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று உட்கார்ந்து அழுதாள்.

அப்பா வருகிறார் என்றதும் அவள் நெட்டையிடம்தான் சொன்னாள். “வெயில் இல்லாட்டியும் குடை பிடிச்சுக்கிட்டு, பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்குவாருண்ணா. அவருதான் எங்கப்பா.”

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னால், “ஆள் துணையோட வர்ற மாதிரி எடத்துலதான் நீ இருக்கியா?” என்று கேட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். அப்பாவை அவளுக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டாள். அவளாகச் செய்த ஒரே தப்பு அதுதான்.

இன்னொன்றும் உண்டு. தெருவின் பெரும்பாலான கட்டடங்களை வாங்கியவர்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஒன்று வைத்து, நீலச்சட்டை போட்ட காவல்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். பழைய கடைகளை ஒவ்வொன்றாகக் காலி செய்தார்கள். நெட்டைக்கு மட்டும், மகளும் மாடி வீட்டுக்காரர்களும் போய்ச் சண்டை போட்டதால், ஒரு நிபந்தனையோடு இடம் விட்டுவைத்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர் யாராவது அவர் மேல் ஒரு புகார் கொடுத்தால் போதும், அன்றைக்கே அவர் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

இதெல்லாம் இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? நாம் அந்தத் தெருவில் இல்லையே.

நல்ல பட்டப்பகலில் அவர் பாலத்தடி நிறுத்தத்தில் இறங்கினார். குடையை விரித்தார், பையை அணைத்துக்கொண்டார், தெரிந்தவரைப்போல நடந்தார். தெரிந்தவரைப்போல நடக்கிறவர் யாரும் அவ்வளவு விறைப்பாக நடக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். இரும்புக் கடையைத் தாண்டினார். உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் தாண்டிக் கவனமாகக் காலை வைத்தார். கதவில்லாத ஒரு கிடங்கின் வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களைக் கண்டால் அவருக்கு எப்போதுமே ஆகாது.

வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த ஆள் கண்ணில் பட்டான். உயரமானவன், ஒரு தோள் சாய்ந்தவன், கையெல்லாம் கறுப்பு மசி. அந்தக் கையில் இரும்பு.

அது ஸ்பேனர். நெட்டை ஒரு சக்கரத்தைப் பாதி மாட்டிக்கொண்டிருந்தார், பஸ் வரும் நேரம் ஆகிவிட்டதே என்று அப்படியே எழுந்து வந்துவிட்டார். கீழே வைக்கத் தோன்றவில்லை. வேலைக்காரன் கையில் கருவி இருப்பது அவனுக்கே தெரியாது.

இன்சூரன்ஸ்காரர் நின்றார். அவனும் நின்றான். இவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அவன் சுவரில் இருந்த ஓவியத்தைப் பார்த்தான். அந்த ஓவியத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இவர் படித்தது படித்தபடி சாலையைக் கடந்தார். கொஞ்ச நேரத்தில் அவனும் கடந்தான். பேசாமல், கூப்பிடாமல், அதே தூரத்தில்.

பையின் அடியில், துண்டுக்குக் கீழே, மகளின் பெயர் போனில் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

முதலில் கண்ணில் பட்ட காபிக் கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் இருந்த பெண் சிரித்துக்கொண்டு, “வாங்க சார்” என்றாள்.

“அம்மா, ஒருத்தன் என் பின்னாலயே வர்றான். கையில இரும்பு வெச்சிருக்கான்.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. மேசைக்கு அடியில் எதையோ அழுத்தினாள். “உக்காருங்க சார், பயப்படாதீங்க. இப்ப வந்துருவாங்க.”

உண்மையிலேயே வந்துவிட்டார்கள். நீலச்சட்டைக்காரர்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர். இவ்வளவு ஒழுங்கை இந்தத் தெருவில் எதிர்பார்க்காத இன்சூரன்ஸ்காரருக்குத் தெம்பு வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தார். அந்த ஆள் ஓடாமல் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவர் வெளியே வருவதற்காகக் காத்திருந்தான். காத்திருப்பதைக் கண்டதும் இவர் கண்ணாடியை விட்டு ஓரடி பின்வாங்கினார். காவல்காரர்கள் போய் ஏதோ கேட்டார்கள். அவன் கையைத் தூக்கி மூன்றாவது மாடியைக் காட்டினான். தூக்கிய கையில் ஸ்பேனர் இருந்தது. ஒரு காவல்காரன் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தான்.

சூப்பர்வைசர் உள்ளே வந்தார். சின்ன வயசு, நல்ல மரியாதை.

“ஐயா, உங்க பொண்ணு அனுப்பினதா சொல்றான். மூணாம் மாடியாம். அப்படியா?”

இன்சூரன்ஸ்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளுக்குக் கால் உடைந்து, வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் எந்த மாடி என்றுகூட இவனுக்குத் தெரிந்திருக்கிறது. சொந்தக்காரர் அனுப்பினார் என்பார்கள், நம்பாதீர்கள். எழுதி வைத்தவன் சும்மாவா எழுதினான்?

“எம்பொண்ணு அப்படி எதுவும் எங்கிட்ட சொல்லலையே. எனக்கு இவனை யாருன்னே தெரியாது.”

“ஒரு ரெண்டு நிமிஷம், நடந்ததை அப்படியே சொல்லிடுங்க ஐயா. பதிவு பண்ணிக்கிறேன். நம்ம ஆளு உங்களை வீட்டுல விட்டுட்டு வருவாரு” என்று சூப்பர்வைசர் போனை நீட்டிப் பிடித்தார்.

அங்கேதான் எல்லாம் முடிந்தது. வேறு யாராவது என்றால் உளறியிருப்பார்கள், திக்கியிருப்பார்கள், ஒன்றுக்கொன்று முரணாக ஏதாவது சொல்லியிருப்பார்கள். இவர் சொன்னது ஒரு வாக்குமூலம். எங்கே இறங்கினேன், எங்கே முதலில் பார்த்தேன், எவ்வளவு தூரத்தில் வந்தான், நின்றபோது நின்றான், கடந்தபோது கடந்தான், கையில் இரும்பாலான ஆயுதம், காவலர் விசாரித்தபோது கையை ஓங்கினான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல்லி முடித்தபோது, ஓய்வு பெற்றபின் முதல் தடவையாக ஒரு வேலையை நறுக்கென்று முடித்த திருப்திகூட அவருக்கு இருந்தது.

“ரொம்பத் தெளிவா சொன்னீங்க ஐயா” என்றார் சூப்பர்வைசர். “இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல.”

காவல்காரன் கட்டட வாசல்வரை கூடவே வந்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றது, ஒரு சக்கரம் பாதி மாட்டியபடி. இவர் அதைக் கவனிக்காமல் படியேறினார்.

கதவு திறந்தது. மகள் ஊன்றுகோலைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. அவர் வந்தே விட்டார், அவள் வீட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே வந்து பையை வைத்தார், சுற்றிப் பார்த்தார். நல்ல வெளிச்சமான வீடு. ஒயர்கூட ஒன்றும் தொங்கவில்லை.

“எத்தனை தடவை போன் பண்றது? எடுக்கவே இல்ல. பயந்தே போயிட்டேன்” என்றாள்.

“நீ பயப்படுறது இருக்கட்டும். நான் தப்பிச்சு வந்ததே பெரிசு பாப்பா. ஒருத்தன் இரும்பை எடுத்துக்கிட்டுப் பாலத்துலேருந்து என் பின்னாலயே வந்துட்டான். விடுவேனா? பிடிச்சுக் குடுத்துட்டேன்.”

“ஆளு எப்படி இருந்தாரு?” என்றாள் மகள்.

“நெட்டையா, ஒரு தோள் சாய்ஞ்சு…” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“அப்பா” என்றாள் மெதுவாக. “அவருதான்ப்பா உங்களைக் கூட்டிட்டு வந்தவரு.”

அவள் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தடி வழக்கத்தைச் சொன்னாள். ஆலைப் பெண்களைச் சொன்னாள். தான் சொல்லாமல் விட்டதைச் சொல்லி அழுதாள். கடைசியில் அந்த ஒற்றைப் புகார் நிபந்தனையைச் சொன்னபோது அவர் எழுந்துவிட்டார்.

“இதோ போய்ச் சொல்லிட்டு வர்றேன். தப்பு என்னோடது. நான் சொன்னா கேப்பாங்க.”

அவர் அதை நம்பித்தான் இறங்கினார். தப்பாகச் சொன்னதைத் திருத்திச் சொன்னால் சரியாகிவிடும் என்று யார்தான் நம்ப மாட்டார்கள்?

கூட்டமைப்பின் அறை பழைய ஆலையின் நுழைவாயிலில் இருந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே குளிர். சூப்பர்வைசர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். இவர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். சூப்பர்வைசர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஐயா, நீங்க பயந்தது உண்மைதானே?”

“பயந்தது உண்மைதான். ஆனா…”

“அவரு பின்னால வந்தது உண்மைதானே? கையில இரும்பு?”

“அது ஸ்பேனர் தம்பி. சைக்கிள் வேலை பாக்குறவரு. கையை ஓங்கல, மாடியைக் காட்டினாரு. நான் தப்பாப் பாத்துட்டேன்.”

“பாத்தப்ப ஓங்கின மாதிரிதானே இருந்துச்சு? கேமராவுலயும் அப்படித்தான் இருக்கு.”

இன்சூரன்ஸ்காரர், வரும்போது பையிலிருந்து எடுத்து வந்திருந்த போனில் மகளைக் கூப்பிட்டு, சத்தமாக வைத்து, மேசைமேல் வைத்தார். மகள் கெஞ்சினாள், அப்புறம் கத்தினாள், தான்தான் அவரை அனுப்பினேன் என்றாள். சூப்பர்வைசர் பொறுமையாகச் சொன்னார்.

“மேடம், அவரு உங்களுக்கு வேண்டியவரு. அதனால நீங்க சொல்றதை எடுத்துக்க முடியாது. உங்கப்பா வெளியாளு, அவருக்கு முன்விரோதம் கிடையாது. அவரு சொன்னதுதான் எடுபடும்.”

“அதான் அவரே வந்து தப்புன்னு சொல்றாரே!”

“இப்ப சொல்றாரு மேடம். உங்களைப் பாத்ததுக்கு அப்புறம் சொல்றாரு.” இன்சூரன்ஸ்காரர் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியாததா ஐயா? முதல்ல சொல்றதுதான் நடந்தது. அப்புறம் வந்து மாத்திச் சொல்றதெல்லாம் யாரோ சொல்லிக் குடுத்தது.”

இன்சூரன்ஸ்காரர் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். இது அவருடைய வாசகம். கடை எரிந்தவனிடமும், வண்டி போனவனிடமும், மறுநாள் வந்து திருத்திச் சொல்லப் பார்த்தவர்களிடமும் அவர் சொன்னது இதேதான், இதே மரியாதையான குரலில். அந்த வாசகம் ஒரு சுவர், அதில் எங்கும் கதவு கிடையாது என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? கட்டியவருக்குத் தெரியாதா? அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தெருவில் பட்ட பயம் இதற்குக் கால் தூசு பெறாது.

“உங்க காலைப் பிடிக்கணும்னாலும் பிடிக்கிறேன் தம்பி” என்றார்.

“ஐயோ, பெரியவங்க அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று சூப்பர்வைசர் பதறி எழுந்தார். அந்தப் பதற்றத்தில் பொய் இல்லை. “நாங்க இருக்கறதே உங்களை மாதிரி வர்றவங்க பத்திரமா இருக்கத்தான் ஐயா.”

அவர் திரும்பி வந்தபோது கட்டட வாசலில் தள்ளுவண்டி நின்றது. இரண்டு நீலச்சட்டைக்காரர்கள் மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் ரிம்கள், பழைய டியூப்கள், காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, சுருட்டிய படுக்கை, ஒரு தகரப் பெட்டி. நெட்டை உள்ளே குனிந்து உட்கார்ந்து, அந்தத் தலைகீழ் சைக்கிளின் சக்கரத்தை மாட்டி முடித்துக்கொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டார்கள். பிடித்து வைத்து அவர்களுக்கு என்ன ஆக வேண்டும்? இடம்தான் வேண்டும்.

இன்சூரன்ஸ்காரர் பொந்தின் வாசலை மறித்து நின்றார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார். ஒரு கையில் குடை வேறு.

“நான் நகர மாட்டேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க.”

காவல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடிப்பார்கள், தள்ளுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். தள்ளினால் நன்றாக இருந்திருக்கும், விழுந்தாவது கிடந்திருப்பார். ஒருவன் காபிக் கடைக்குப் போய் நாற்காலி எடுத்து வந்து அவர் பக்கத்தில் போட்டான்.

“உக்காருங்க ஐயா. வெயில்ல நிக்காதீங்க.”

கல்லாப் பெண் ஒரு கோப்பையோடு ஓடி வந்தாள். “சார், காபி குடிங்க சார். ரொம்ப ஆடிப் போயிட்டீங்க.”

அவர் உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அவர்கள் அவருடைய விரித்த கைக்குக் கீழே குனிந்து, ஒரு ரிம்மை எடுத்துப் போனார்கள். “பாத்து ஐயா, கால்ல பட்டுறப் போகுது” என்றார்கள். எல்லாரும் அவரை மதித்தார்கள். ஒருத்தரும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

மேலே ஜன்னலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளால் இறங்க முடியாது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

“சார்” என்றார் நெட்டை. அன்றைக்கு அவர் குரலை இன்சூரன்ஸ்காரர் கேட்டது அதுதான் முதல் தடவை. மெலிந்த குரல்.

“என்னை மன்னிச்சுருங்க” என்றார் இவர். “எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே. சார்னு ஒரே ஒரு வார்த்தை.”

“கூப்பிடக் கூடாது சார். கூப்பிட்டா பயந்துருவாங்க.”

இவர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.

“எங்க போவீங்க?”

“தெரியல சார்.” நெட்டை சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது ஆடாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். சைக்கிளை நிமிர்த்தினார். அது சின்னக் குழந்தையின் சைக்கிள். “ரெண்டாம் மாடிப் பாப்பாவோடது. கேட்டு வந்தா குடுத்துரச் சொல்லுங்க. பிரேக் மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கணும்.”

“நான் இங்கேயே நிக்கிறேன். ராத்திரி ஆனாலும் சரி, நாளைக்கு ஆனாலும் சரி. என்னை மீறி எடுத்துட்டுப் போகட்டும் பாக்கலாம்.”

நெட்டை எழுந்து வந்தார். படிக்கட்டின் சரிவு தெரிந்த பழக்கத்தில் தலையைச் சாய்த்து வந்து, அவருக்கு மிகப் பக்கத்தில் நின்றார்.

“நகருங்க சார்.”

“நீங்களே சொல்றீங்களா?”

“நீங்க நின்னா உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான்தான் உங்களை நிறுத்தி வெச்சேன்னு எழுதுவாங்க. இப்ப இடம் மட்டும்தான் போகுது. நீங்க இப்படியே நின்னுக்கிட்டிருந்தா அந்தப் பெட்டியும் என் கைக்கு வராது.”

இன்சூரன்ஸ்காரர் விரித்த கைகளை இறக்கினார். எவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்திருந்தாரோ, தோள் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. ஒரு பக்கமாக ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்றார்.

படுக்கையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிய காவல்காரன், போகிற போக்கில் சொன்னான்.

“ரொம்ப நன்றிங்க ஐயா.”